கட்டிலுக்கு அடியில் ஒளிந்த வெள்ளைக்காரன்

மதினி,

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஹட்டன் வீட்டுக் குசினியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். உள்ளறையில் என் மகள் சுகந்தி கைபேசியில் எதையோ ஓடவிட்டுத் துணி மடித்துக்கொண்டிருந்தாள். திடீரென்று ஒரு கூட்டமே சிரித்தது. சிரிப்பு நின்றதும் ஓர் ஆண் குரல் இங்கிலீஷில் ஏதோ முனகியது. மறுபடியும் கூட்டம் சிரித்தது. கீரையை அப்படியே போட்டுவிட்டு எழுந்து போய்ப் பார்த்தேன். கறுப்பு வெள்ளைப் படம். சின்ன அறை, ஒரு மேசை, இரண்டு வெள்ளைக்காரர்கள். அத்தனை பேர் சிரித்தார்களே, அவர்களில் ஒருவரையும் காணோம்.

"இது எந்தக் காலத்து நாடகம்?" என்று கேட்டேன்.

"நான் பொறக்கிறதுக்கு முந்தினதும்மா. அப்ப லண்டன்ல டிவியில போட்டது. பழசையெல்லாம் இப்ப யாரோ தேடி எடுத்துப் போட்டு வச்சிருக்காங்க."

"அப்ப நம்ம நாடகமும் இருக்குமா?"

"நமக்கு ஏதும்மா நாடகம்?" என்றாள். கிழவிக்கு மூளை கலங்கிவிட்டது என்று நினைத்திருப்பாள். உங்களுக்குத்தான் தெரியுமே, எனக்கு ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று வந்துவிட்டால் சோறு இறங்காது. அன்றைக்கே அவளை உட்காரவைத்து உங்கள் கதையை முதலில் இருந்து சொன்னேன்.

அப்போது நாம் டயகமப் பக்கத்துத் தோட்டத்தில் இருந்தோம். அண்ணனுக்குத் தேயிலை ஸ்டோரில் மெசின் வேலை. உங்களுக்குப் பெரிய பங்களாவில் ஆயா வேலை. துரையின் இரண்டு பிள்ளைகளையும் தூக்கி வளர்த்தது நீங்கள்தான். அந்தப் பிள்ளைகளைச் சீமையில் பள்ளிக்கூடத்தில் விடும் வயது வந்ததும், கப்பலில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள உங்களையும் கூட்டிப்போனார்கள். ஐம்பதுகளின் பின்பாதி அது. அண்ணன் கொழும்புத் துறைமுகம் வரைக்கும் வந்து, நீங்கள் ஏறியது எந்தக் கப்பல் என்றே தெரியாமல் நின்ற எல்லாக் கப்பலுக்கும் கையாட்டிவிட்டுத் திரும்பினார்.

ஆறேழு மாதம் கழித்து வந்தீர்கள். பிள்ளைகள் அங்கேயே தங்கிவிட்டதால் பங்களாவில் உங்களுக்கு வேலை இல்லை. கூடையை மாட்டிக்கொண்டு கொழுந்து எடுக்க வந்தீர்கள். எனக்கு அடுத்த நிரை உங்களுக்கு. நான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் டீச்சராகப் போனது அதற்கெல்லாம் பிறகுதான்.

சீமை எப்படி இருந்தது என்று எல்லாரும் கேட்டார்கள். நீங்கள் அரண்மனையைச் சொல்லவில்லை, ராணியைச் சொல்லவில்லை. ஒரு வெள்ளைக்காரன் வாடகை கொடுக்க வக்கில்லாமல் கட்டிலுக்கு அடியில் ஒளிந்த கதையைச் சொன்னீர்கள்.

அதற்குள்ளேயே எத்தனை ஆச்சரியம் நமக்கு! வெள்ளைக்காரனுக்கு வாடகை வீடா? அவனிடம் பணம் இருக்காதா? நாம் கண்ட வெள்ளைக்காரன் எல்லாம் குதிரையில் வந்தவன், இல்லாவிட்டால் காரில் வந்தவன். நீங்கள் சொன்னவனோ கால்சட்டைக்குத் தோளில் பட்டி மாட்டிய தொந்திக்காரன். அவன் பெண்டாட்டி நம்மைப் போலவே தலையில் துணி கட்டியவள். வீடு நம் லயத்தைப் போலவே ஒட்டிக்கொண்டு வரிசையாக நிற்கும் வீடு. வாடகை வாங்குகிற வாடகைக்காரன் குடையோடு வந்து கதவைத் தட்டியதும் தொந்திக்காரன் கட்டிலுக்கு அடியில் போய்விடுவான். வந்தவன் வேறு இடமில்லாமல் அந்தக் கட்டிலிலேயே உட்காருவான். பெண்டாட்டி அவனுக்குத் தேத்தண்ணி கொடுப்பாள். தட்டில் இருக்கும் பிஸ்கோத்தை அடியில் இருந்து ஒரு கை வந்து எடுக்கும்.

"இதெல்லாம் எங்க மதினி நடந்துச்சு?"

"ஒரு பொட்டியிலடி. டெலிவிஷன் பொட்டி."

"பயாஸ்கோப்பு மாதிரியா?"

"இல்லடி. அங்க நடக்க நடக்க இங்க தெரியும். அது மட்டுமில்ல, அந்த வீட்டுக்குள்ள இருக்குறது மூணே பேரு. ஆனா நூறு பேரு சிரிக்கிறாங்க. யாரு சிரிக்கிறா, எங்க இருந்து சிரிக்கிறா, ஒண்ணுமே தெரியாது."

பேய்தான் சிரித்திருக்கும் என்று நம் நிரையிலேயே இரண்டு பேர் முடிவு கட்டினார்கள். நீங்கள் விடவில்லை. அந்தச் சிரிப்பு எப்படி இருக்கும் என்று காட்டுவதற்கு என்னைப் பிடித்தீர்கள். கதையில் சரியான இடம் வரும்போது நீங்கள் கூடையை ஒரு தட்டுத் தட்டுவீர்கள். நான் தேயிலைச் செடிக்குப் பின்னால் குனிந்து, முகத்தைக் காட்டாமல் சிரிக்க வேண்டும். எனக்கு வேறு வேலையே இல்லை. சிலசமயம் வேடிக்கை எது என்று விளங்காமலே சிரித்தேன். என் சிரிப்பைக் கேட்டு நிரை முழுக்கச் சிரிக்கும். மேலே நிற்கும் கங்காணி, "என்னாடி அங்க, பைத்தியம் புடிச்சிருச்சா?" என்று கம்பை ஆட்டுவார்.

எல்லாரும் கடைசிவரை நம்பாதது ஒன்று உண்டு. ஒருநாள் அந்த நாடகத்தில், வாடகைக்காரன் கட்டிலில் இருக்கும்போதே சுவரில் மாட்டியிருந்த படம் தடாலென்று விழுந்துவிட்டது என்றீர்கள். அது நாடகத்தில் இல்லாதது. வாடகைக்காரனுக்குப் பேச்சு மறந்துபோய்த் தோள் குலுங்கியது. தொந்திக்காரன் கட்டிலுக்கு அடியில் இருந்து எழுந்து வந்து, படத்தை எடுத்து மாட்டி, நேராக இருக்கிறதா என்று தள்ளி நின்று பார்த்துவிட்டு, மறுபடியும் அடியில் போய்ப் படுத்துக்கொண்டான்.

"சும்மா விடுறா பாரு கதை. ஒளிஞ்சவன் வெளிய வந்து படம் மாட்டுவானாக்கும்?" என்றார்கள். நானே அதை நம்பவில்லை. ஆனாலும் சிரித்தேன்.

கதை மலைக்கு மலை பரவி, கடைசியில் மலை வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையாவின் காதுக்குப் போனது. துரைமார் சாதியைக் கேலி செய்து கூலிப் பெண்கள் சிரிக்கிறார்கள் என்று யாரோ திரித்தும் சொல்லியிருக்கிறார்கள். ஒருநாள் காலைப் பெரட்டில், வேலை பிரித்துக் கொடுக்கும் நேரத்தில், உங்களை முன்னால் கூப்பிட்டார். அன்று ஸ்டோர் ஆட்களும் இருந்தார்கள். அண்ணனும் நின்றார்.

"வெள்ளைக்காரன் கட்டிலுக்கு அடியில ஒளிஞ்சான்னு கதை சொல்றது நீதானா?"

"நாடகத்துலங்க ஐயா. டெலிவிஷன் பொட்டியில பாத்தேன்."

"யாரு வீட்டுப் பொட்டியில?"

நீங்கள் கூடைக் கயிற்றைச் சரிசெய்தீர்கள்.

"துரைசாணியவே கேட்டுட்டேன். சீமையில நீ இருந்த, துரையோட அம்மா வீட்டுல அந்தப் பொட்டியே இல்லையாம். பெரிய துரைசாணிக்கு அது ஆகாதாம். நீ அந்த வீட்டு வாசலத் தாண்டினதும் இல்லையாம். அப்ப எங்க பாத்த?"

சொல்லுங்க மதினி, எங்கேயாவது பார்த்தேன் என்று சொல்லுங்க என்று மனதுக்குள் கத்தினேன். நீங்கள் அண்ணனை ஒரு தடவை பார்த்தீர்கள். பிறகு நிலத்தைப் பார்த்துக்கொண்டு, "சும்மா சொன்னேங்க ஐயா. பொய்யிதான்" என்றீர்கள்.

அன்றைக்கு ஒட்டியது 'சீமைப் புளுகி' என்ற பெயர். கண்டாக்கையா அதோடு விட்டுவிட்டார், அண்ணன் விடவில்லை. அவர் அடித்ததில்லை, திட்டியதும் குறைவுதான், அதை நான் எங்கேயும் சொல்வேன். ஆனால் கேலி செய்வார். மழை வரும் போல இருக்கிறது என்று நீங்கள் சொன்னால்கூட, "இதுவும் சீமையில பாத்ததா?" என்பார். உங்களுக்குப் பிள்ளைகள் பிறந்து வளர்ந்த பிறகு அவர்களும் அதைச் சொல்லிச் சிரித்தார்கள். நீங்களும் கூடச் சேர்ந்து சிரிப்பீர்கள். எனக்குத்தான் சிரிப்பு வராது. ஏனென்றால் எனக்கு மட்டும் உண்மை தெரியும்.

பெரட்டு நடந்த அந்த வாரத்து ஞாயிறு, பீலியில் துணி துவைத்துக்கொண்டிருந்தோம். தண்ணீர் விழும் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கேட்காது. நான் முகத்தைத் தூக்கி வைத்திருப்பதைப் பார்த்து நீங்களாகவே சொன்னீர்கள்.

"பொய்யில்ல புள்ள. பாத்தேன். அந்த வீட்டுக்கு ஒரு வெள்ளைக்காரி வருவா, கூட்டித் தொடைக்க. பள்ளிக்கூடத்துல விட்ட பிள்ளைகள நெனச்சு நான் அழுறதப் பாத்துட்டு, துரைசாணி எல்லாம் விருந்துக்குப் போற சனிக்கிழமையில என்னைய பஸ்ஸுல ஏத்தி அவ வீட்டுக்குக் கூட்டிப்போவா. அங்கதான் பொட்டி இருந்துச்சு. நாலஞ்சு வாட்டி போனேன்."

"அத அங்க சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா துரைசாணி காயிதம் போடுவாங்க. அவளுக்கு வேல போயிரும். அவ புருசன் சண்டையில கால் ஊனமானவன். வீட்டுல மூணு பிள்ளைக."

"அண்ணன்கிட்டயாச்சும் சொல்லுங்க."

"உங்கண்ணன் நல்ல மனுசன்தான். ஆனா பொண்டாட்டி பொய் சொல்லலன்னு தெரிஞ்சா நேரா கண்டாக்கையா வீட்டுக்குப் போய் நின்னுருவாரு. வேணாம் புள்ள."

சீமையில் யாரோ ஒருத்திக்கு வேலை போகக் கூடாது என்று டயகமவில் ஒருத்தி புளுகி என்ற பட்டம் சுமந்தாள். அந்த வெள்ளைக்காரிக்கு இது தெரியவே தெரியாது. அன்றைக்கு எனக்கு உங்கள்மேல் கோபம்தான் வந்தது. இப்போது நினைத்தால் அந்தக் கோபம்கூட உங்கள்மேல் இருந்த ஆசையினால்தான் என்று தெரிகிறது.

துரைமார் போனார்கள், கண்டாக்கையா போனார். நம் லயத்துக்கே டெலிவிஷன் வந்தது. ஆளில்லாத சிரிப்பை முதல்முதல் கேட்டபோது பழைய நிரைக்காரி ஒருத்தி, "அடியே, அவ சொன்ன சிரிப்பு நெசம்தான்டி!" என்று மார்பில் கை வைத்துக்கொண்டாள். அண்ணன் அசையவில்லை. "பொய்யின்னு அவ வாயாலயே சொன்னாள்ல?" என்றார். இனியாவது சொல்லுங்கள் என்று நான் கெஞ்சியபோது, "இத்தன வருசம் ஏன் சொல்லலன்னு கேட்டா என்ன சொல்றது? அது இன்னொரு வம்பு" என்றீர்கள்.

கடைசியாக நீங்கள் படுத்திருந்தபோதுதான் வாய் விட்டுச் சொன்னீர்கள். "அந்த நாடகம் எங்கயாச்சும் கெடச்சா உங்கண்ணனுக்குக் காட்டிச் சொல்லு. கெடைக்காட்டி விட்டுரு. வெறும் வாயால சொன்னா நாத்தனாரும் மதினியும் சேர்ந்து புளுகுறாளுகன்னுதான் சொல்லுவாரு." அப்படித்தான் சொல்வார், எனக்கும் தெரியும். அந்த நாடகத்தை எங்கே போய்த் தேடுவது என்று தெரியாமல், நீங்கள் போன பிறகு நாலைந்து வருடம் சும்மா இருந்தேன். சுகந்தியின் கைபேசி அன்றைக்குச் சிரித்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

"சரி, பேரச் சொல்லுங்க தேடுவோம்" என்றாள் சுகந்தி.

அங்கேதான் மாட்டிக்கொண்டோம். நாடகத்தின் பெயர் தெரியாது. தொந்திக்காரனுக்கு நீங்கள் வைத்த பெயர் மாரிமுத்து. அவன் பெண்டாட்டி செல்லாயி. வாடகைக்காரன் வட்டிக்கடைப் பிச்சை. இந்தப் பெயர்களைப் போட்டு லண்டன் நாடகத்தை எப்படித் தேடுவது? சுகந்தி தலையில் கை வைத்துக்கொண்டு சிரித்தாள்.

பிறகு நான் ஒரு வேலை செய்தேன். நீங்கள் சொன்ன கதையில் எது அங்கே நடந்தது, எது உங்கள் கைச்சரக்கு என்று பிரித்துப் பார்த்தேன். செல்லாயி வாடகைக்காரனுக்கு ரொட்டியும் கட்டைச் சம்பலும் கொடுத்ததாக ஒரு தடவை சொன்னீர்கள், அது உங்களுடையது. மாரிமுத்து மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டதும் உங்களுடையது. குடை அங்கே உள்ளது. பிஸ்கோத்தும் அங்கே உள்ளதுதான், நீங்களாகச் சொல்லியிருந்தால் முறுக்கு என்றிருப்பீர்கள். அவர்கள் பேசிய பேச்சு அத்தனையும் நீங்கள் கட்டியது. பங்களா இங்கிலீஷில் வெந்நீர் கொண்டு வா, பிள்ளை தூங்குகிறது என்பதற்கு மேல் உங்களுக்கு என்ன தெரியும்? முகத்தையும் கையையும் பார்த்தே ஒரு குடும்பத்தின் சண்டையை முழுதாக எழுதியிருக்கிறீர்கள். இது எனக்கு இத்தனை வயதில்தான் புரிந்தது.

சாயங்காலம் தோறும் பார்த்தோம் மதினி. தொந்திக்காரன் இருந்தால் கட்டில் இருக்காது. கட்டில் இருந்தால் அடியில் ஆள் இருக்காது. ஒன்றில் குடையோடு ஒருவன் வந்து கதவைத் தட்டினான். நான் எழுந்தே நின்றுவிட்டேன். அவன் பால்காரன். நீங்கள் சொன்னதைவிட நன்றாக ஒன்றுகூட இல்லை என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

சுகந்தி படித்துப் பார்த்துச் சொன்னாள், அந்தக் காலத்தில் பல நாடகங்களை நேரடியாகவே காட்டுவார்களாம், பதிவு செய்ததே இல்லையாம். காற்றில் போனது போனதுதான். போதும், விடு என்றேன். ஆனால் அவளும் உங்கள் மருமகள்தானே, விடவில்லை. பழைய டிவி நாடகங்களில் பைத்தியமான கிழவர் கிழவிகள் கூடிப் பேசும் இடம் ஒன்று கைபேசியில் இருக்கிறதாம். அங்கே கட்டிலையும் குடையையும் பிஸ்கோத்தையும் எழுதிப் போட்டாள். சுவரில் இருந்து விழுந்த படத்தைப் பற்றி எழுத வேண்டாம் என்று நான்தான் தடுத்தேன். அதுவும் உங்கள் கைச்சரக்கு என்றே நினைத்திருந்தேன்.

ஒரு வாரம் கழித்து ஒரு வெள்ளைக்காரக் கிழவி பதில் போட்டாள். பேச முடியுமா என்று கேட்டாள். சுகந்தி கூப்பிட்டாள். எனக்கும் கேட்கும்படி வைத்துவிட்டு, அந்தம்மா சொல்லச் சொல்லத் தமிழில் சொன்னாள்.

"அவங்க அப்ப பிஸ்கட் ஃபேக்டரியில வேலை செஞ்ச பொண்ணாம். ஃபேக்டரிப் பொண்ணுகள எல்லாம் பஸ்ல கூட்டிட்டுப் போய் நாடகத்துக்கு எதிர்ல இருட்டுல உக்கார வைப்பாங்களாம். சிரிக்கிறதுக்கு. ஆமாம்மா, அந்தச் சிரிப்புல இவங்களும் ஒருத்தராம்! கட்டில் ஞாபகம் இருக்காம். அதவிட ஒண்ணு மறக்கவே முடியாதாம்... நடுவுல செவுத்துல இருந்து படம் விழுந்திருச்சாம். அடியில கிடந்தவர் எந்திரிச்சு வந்து மாட்டிட்டு, நேரா இருக்கான்னு பாத்துட்டுத் திரும்பப் போய்ப் படுத்துக்கிட்டாராம். சிரிச்சுச் சிரிச்சு இவங்களுக்கு விலா வலிச்சதாம்."

சுகந்தி என்னைப் பார்த்தாள். நான் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். அந்தம்மா அங்கே ஏதோ கேட்டாள்.

"நாடகத்தோட பேரு உங்களுக்குத் தெரியுமான்னு கேக்குறாங்கம்மா. அவங்களும் ரொம்ப நாளாத் தேடுறாங்களாம்."

தெரியாது என்று சொல்லச் சொன்னேன். வேண்டுமானால் மாரிமுத்து நாடகம் என்று வைத்துக்கொள்ளட்டும் என்றும் சொல்லச் சொன்னேன். சுகந்தி அதைச் சொல்லவில்லை.

மறுநாளே இரண்டு பேரும் தலவாக்கலைக்குப் பஸ் ஏறினோம். அண்ணன் மகன் வீட்டு வாசலில் கம்பளிக்குல்லாய் போட்டுக்கொண்டு வெயில் காய்ந்துகொண்டிருந்தார். தொண்ணூறு வயதிலும் காது பரவாயில்லை. பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். கூட்ட வந்த வெள்ளைக்காரி, சனிக்கிழமை பஸ், அவள் வேலை போய்விடும் என்ற பயம், பெரட்டில் நீங்கள் அவரைப் பார்த்த அந்த ஒரு பார்வை, பீலியில் சொன்னது, பிஸ்கட் ஃபேக்டரிக் கிழவி, விழுந்த படம். "இதுவும் சீமையில பாத்ததா?" என்று கேட்பார் என்று பயந்துகொண்டே சொன்னேன். கேட்கவில்லை.

நாடகத்தைப் பற்றிக் கேட்பார், இல்லாவிட்டால் என்னிடம் ஏன் மறைத்தீர்கள் என்று சண்டைக்கு வருவார் என்று காத்திருந்தேன். குல்லாயைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"அந்த வீட்டுல அவளுக்குத் திங்க ஏதாச்சும் குடுத்தாங்களா?" என்று கேட்டார்.

தொந்திக்காரனின் பட்டியில் இருந்து வாடகைக்காரனின் குடை வரைக்கும் உங்களிடம் குடைந்து குடைந்து கேட்டவள் நான். அந்தச் சனிக்கிழமைகளில் நீங்கள் எங்கே உட்கார்ந்தீர்கள், குளிருக்கு எதைப் போர்த்திக்கொண்டீர்கள் என்று ஒருநாளும் கேட்டதில்லை. "தெரியலண்ணே" என்றேன். "கேட்டிருக்கலாம்ல, நாம" என்றார்.

அண்ணன் கேட்டதை இப்போது நான் தூக்கிக்கொண்டு திரிகிறேன். சாப்பிட உட்காரும்போதெல்லாம் வருகிறது. நாடகத்தின் பெயர் கிடைக்காவிட்டால் போகட்டும். சொல்லுங்கள் மதினி, அந்த வெள்ளைக்காரி வீட்டில் உங்களுக்கு என்ன சாப்பிடக் கொடுத்தார்கள்?